புதிய வார்டு மெம்பருக்குப் பத்தமடைக் கையேடு

கம்பம் இ.பி.க்குச் சொந்தம். கம்பத்தில் தொங்கும் விளக்கு பேரூராட்சிக்குச் சொந்தம். விளக்கை மறைக்கும் வேப்பங்கிளை, மரம் பஸ் ரோட்டோரம் நின்றால் நெடுஞ்சாலைத் துறைக்கு. புறம்போக்கில் நின்றால் வருவாய்த் துறைக்கு. காம்பவுண்டுக்குள் நின்றால் அந்த வீட்டு அண்ணாச்சிக்கு. விளக்கு எரியாமல் இருட்டில் ஒருவர் வாறுகாலில் காலை விட்டால், அந்த வசவு மட்டும் முழுசாக, பங்காளி யாரும் இல்லாமல், உங்களுக்குச் சொந்தம்.

வார்டு மெம்பராகப் பதவிப் பிரமாணம் எடுத்த அன்றைக்கே இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துவிடுங்கள். அடுத்த ஐந்து வருஷத்துக்கு இதுதான் உங்கள் தொழில். ஊருக்கு எது தேவை என்று தெரிந்துகொள்வது ரொம்ப லேசு. டீக்கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும். அது யாருடைய வேலை என்று தெரிந்துகொண்டு, அந்தத் திசையில் தயங்காமல் விரலை நீட்டுவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

பத்தமடையை உதாரணத்துக்குத்தான் எடுத்திருக்கிறேன். அந்த மன்றத்தில் யார் மேலும் எனக்குக் கோபம் கிடையாது. நெல்லையிலிருந்து பாபநாசம் போகிற வழியில் பஸ்ஸில் கண்ணை மூடித் திறப்பதற்குள் பேரூராட்சிகள் வந்துகொண்டே இருக்கும். கோபாலசமுத்திரம், மேலச்செவல், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி எல்லாமே அந்த ஜாதிதான். ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டுக்கொண்டால் இந்தக் கையேடு எல்லா இடத்திலும் செல்லும். பத்தமடைக்கென்று கூடுதலாக இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று பாய். இன்னொன்று, 1887-ல் இங்கே பிறந்த குப்புசாமி டாக்டராகி மலேயா போய், அங்கிருந்து திரும்பி 1924-ல் ரிஷிகேசம் போய், சுவாமி சிவானந்தர் ஆனது. ஊர் விவகாரத்தை விட்டுக் கங்கைக்கரைக்குப் போய்விடும் அந்த வழி உங்களுக்கும் திறந்தே இருக்கிறது. போக மனசில்லாதவர்கள் மேலே படிக்கலாம்.

முதலில் அகந்தை போக ஒரு சரித்திரம். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத்துக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ந் தேதிதான் நடந்தது. இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் மெம்பரும் கிடையாது, தலைவரும் கிடையாது. தனி அலுவலர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காலத்திலும் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு வந்தது, வராத நேரத்துக்கு வராமல் இருந்தது. குப்பை அள்ளின இடத்தில் அள்ளினார்கள். இதை உங்கள் முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் செயல் அலுவலரான இ.ஓ. உங்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பில் அது இருக்கும்.

அவர் சிரிக்கிறாரே என்று நீங்கள் அரசியல் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம். 1992-ல் வந்த 74-வது திருத்தம் நகராட்சி அமைப்புகளுக்கென்று பன்னிரண்டாவது அட்டவணையில் 18 வேலைகளைக் குறித்திருக்கிறது. குடிநீர், சாலை, சுகாதாரம், தெருவிளக்கு, பஸ் நிறுத்தம், சுற்றுச்சூழல், நகரமைப்பு எல்லாம் அதில் உண்டு. படிக்கும்போது மார்பு விரியும். பிறகு ஒவ்வொன்றாக விசாரித்தால் குடிநீர்த் திட்டம் போடுகிறவர் ஒருவர், பஸ் ரோடு வைத்திருப்பவர் ஒருவர், மாசு அளப்பவர் இன்னொருவர் என்று தெரியவரும். தகராறில்லாமல் உங்களிடம் மிச்சமிருப்பது கால்நடைப் பட்டியும் மயானமும்தான். அவற்றைப் பற்றி மனு கொடுக்க யாரும் வருவதில்லை.

தண்ணீர்

தாமிரபரணி வற்றாத ஆறு. பொதிகையில் பிறந்து, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. அதன் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளில் மூன்றாவது கன்னடியன்; அதிலிருந்து வரும் கால்வாய்தான் பத்தமடை வயலுக்குத் தண்ணீர் தருகிறது. இதே ஆறு குழாயேறி தூத்துக்குடிக்குப் போகிறது, அருப்புக்கோட்டைக்கும் போகிறது. ஆகவே, “ஆத்தங்கரையில இருந்துக்கிட்டு குடிக்கத் தண்ணியில்லன்னா என்ன நியாயம்வே?” என்று உங்களைக் கேட்பார்கள். நியாயத்தைப் பற்றிப் பேசாதீர்கள். மோட்டாரைப் பற்றிப் பேசுங்கள்.

“மோட்டார் காயில் போய்ட்டு அண்ணாச்சி. ரீவைண்டிங்குக்கு நெல்லைக்குக் கொண்டு போயிருக்கு” என்ற ஒரு வாக்கியம் மூன்று நாள் தாங்கும். நான்காம் நாள் குடிநீர் வடிகால் வாரியத்தின் பக்கம் விரலை நீட்டலாம். 1971-ல் தொடங்கிய வாரியம் அது. கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைப் போடுவதும் பலவற்றை நடத்துவதும் அவர்கள். அவர்களைக் கேட்டால் கரண்ட் இல்லை, பம்ப் ஓடவில்லை என்பார்கள். இ.பி.யைக் கேட்டால் மாதாந்திரப் பராமரிப்பு என்பார்கள். மின்வாரியத்தை 2024-ல் பிரித்துப் புதுப் பெயரெல்லாம் வைத்தாகிவிட்டது. ஊருக்கு அது இன்னும் இ.பி.தான். ஆக ஒரு குடம் தண்ணீருக்கு மூன்று அலுவலகங்கள் பொறுப்பு. குடத்தைத் தூக்கிக்கொண்டு அத்தனைக்கும் அலைய ஒரு பெண்ணாலும் முடியாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம்.

கொஞ்சம் படித்த இளைஞர் யாராவது வந்து, ஆளுக்கு எத்தனை லிட்டர் தரவேண்டும் என்று கேட்டால் பயப்படாதீர்கள். மத்திய அரசின் 1999-ம் வருஷத்துக் குடிநீர்க் கையேடு உங்கள் பக்கம் இருக்கிறது. பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அது இல்லாத ஊருக்கு 70 லிட்டர். பாதாளச் சாக்கடை வேண்டுமென்று கேட்காத மெம்பர், ஊரின் தண்ணீர்த் தேவையைக் காகிதத்தில் பாதியாகக் குறைத்துவிடுகிறார். பகீரதன் தவமிருந்து ஆற்றைக் கொண்டுவந்தான். நாம் தவமில்லாமலே தாகத்தைக் குறைக்கிறோம்.

குழாய் பதிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தெருவுக்குப் பேவர் பிளாக் போட வேண்டும். திறப்பு விழா, கல்வெட்டு, போட்டோ எல்லாம் முடிந்து ஒரு மழைக்காலம் போக வேண்டும். பிறகு குழாய்க்காகத் தோண்ட வேண்டும். கற்களைப் பெயர்த்துத் திண்ணையோரம் அடுக்கி வைப்பார்கள். திரும்பப் பதிக்கும்போது கல் குறையும், மேடு பள்ளம் கூடும். வரிசையை மாற்றிக் குழாயை முதலில் பதித்தால் ஒரு வேலைதான் நடக்கும். இரண்டு டெண்டர் விடுகிற இடத்தில் ஒரு டெண்டரோடு நிற்பவருக்கு ஊர் நிர்வாகம் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

பஸ் ரோடு

இதில் உங்களுக்கு வேலையே இல்லை. ஊர் நடுவே போகிற நெல்லை–பாபநாசம் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. அதில் நிற்கிற வண்டிக்கு அபராதம் போடுவது போலீஸ். ஓடுகிற வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுப்பது ஆர்.டி.ஓ. கடைக்காரர் ரோட்டுக்கு இழுத்துவிட்ட தகரக் கூரையைப் பிரிக்க 2001-ம் வருஷத்துத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் இருக்கிறது. பிரிக்கிற அதிகாரம் உங்களுக்கு இல்லை. அந்தக் கடைக்காரரின் ஓட்டு மட்டும்தான் உங்களுடையது.

ஆக்கிரமிப்பு அகற்றும் நாளன்று வெளியூர் போய்விடுவது பழைய முறை. இப்போது செல்போன் இருப்பதால் அது உதவாது. ஊரிலேயே இருங்கள். ஜே.சி.பி. வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கடை கடையாகப் போய், “என்னால முடிஞ்சத சொல்லிப் பாத்துட்டேன் அண்ணாச்சி, மேலிடத்து உத்தரவு” என்று வருத்தப்படுங்கள். ஜே.சி.பி. போன மறுநாள் காலை நடைப்பயிற்சிக் கூட்டத்தில், “நாந்தான் விடாம எழுதிப் போட்டு எடுக்க வச்சேன்” என்று சந்தோஷப்படுங்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. பதினைந்து நாளில் தகரம் திரும்ப இறங்கிவிடும். அப்போது இரு தரப்பும் உங்களோடு சமாதானம்.

வேகத்தடை விஷயத்தில்தான் கொஞ்சம் கவனம் தேவை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால், வளைவில், கல்யாண மண்டபத்துக்கு எதிரில், பிறகு செல்வாக்குள்ளவர் வீட்டு வாசலில் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கு அளவு சொல்லியிருக்கிறது. அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர். அப்படிப் போட்டால் வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்கும். யாருக்கும் முதுகு வலிக்காது. முதுகு வலிக்காத வேகத்தடையை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ஆகவே நம் பக்கத்து வழக்கப்படி, ராத்திரியோடு ராத்திரியாக, மீந்த ஜல்லியும் தாரும் குவித்து, ஒரு முழ அகலத்தில், வெள்ளைக்கோடு இல்லாமல் போட வேண்டும். அதில் ஏறி இறங்கும் கர்ப்பிணியும், ஆட்டோக்காரரும், பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவும் ஒவ்வொரு தடவையும் உங்கள் பெயரைச் சொல்வார்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரே ஒரு வரி. ஒலி மாசு விதி 2000-ல் வந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 45, பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் கட்சிக் கூட்டத்திலும் மைக்கில் உங்கள் பெயரைச் சொல்லி வரவேற்கும்போது எத்தனை டெசிபல் என்று அளக்க வேண்டாம்.

குப்பை

2016-ம் வருஷத்துத் திடக்கழிவு விதி, வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயமான குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. வீட்டுக்காரர்களில் சிலர் உண்மையாகவே பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். அவர்கள் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டும் வண்டி எல்லா ஊரிலும் ஒன்று உண்டு. இது மேலோட்டமாகப் பார்த்தால் தவறு போலத் தெரியும். யோசித்துப் பாருங்கள்: பிரித்த குப்பையைப் பிரித்தபடியே கொண்டுபோனால், அதற்கு உரக்குழி வேண்டும், ஆள் வேண்டும், கையுறை வேண்டும், அந்த ஆளுக்கு மாதம் பிறந்ததும் சம்பளம் வேண்டும். ஒன்றாகக் கொட்டினால் ஒரு தீக்குச்சி போதும்.

தூய்மைப் பணியாளர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் சால்வை போர்த்தி, காலில் விழுந்து, பாதபூஜை வரைக்கும் செய்யலாம். கையுறை கேட்டால் மட்டும் அடுத்த கூட்டத்தில் பொருளாக வையுங்கள்.

பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்டால் நேராக நிமிர்ந்து, “தடை பண்ணியாச்சே” என்று சொல்லுங்கள். பொய்யில்லை. 2019 ஜனவரி 1-லிருந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் வந்துவிட்டது. மஞ்சப்பையை மேடையில் வாங்கிக்கொண்டு, இறங்கி வந்து, தூக்குச்சட்டி கொண்டுவராததால் சாம்பாரைக் கேரிபேக்கில் கட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

இனி இந்தக் கையேட்டிலேயே முக்கியமான இடம். குப்பை மேடு சீக்கிரம் காலியாக வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே கைகண்ட முன்னுதாரணம் இருக்கிறது.

2024 டிசம்பரில் கொடகநல்லூர், நடுக்கல்லூர் வட்டாரத்தில் மூட்டை மூட்டையாக மருத்துவக் கழிவு கிடந்தது. பிரித்துப் பார்த்தால் ஊசி, மருந்துச் சீட்டு, நோயாளிகளின் விவரம். அதில் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் பெயர். கல்லும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மலையாளக் கரைக்குப் போகிற லாரி வெறும் வண்டியாகத் திரும்பினால் டீசல் நஷ்டம் என்பார்கள் நம்மூரில். பத்திரிகையில் வந்தது. சட்டசபைக்காரர்கள் பேசினார்கள். சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே கையிலெடுத்து, மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போகும்படி கேரளத்துக்கு உத்தரவு போட்டது. போனார்களே! கேரளத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள், ஆட்கள் வந்தார்கள், லாரிகள் வரிசையாக வந்தன. இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் பக்கத்தில் நிற்க, கழிவு ஏற்றப்பட்டு எல்லை தாண்டியது.

நம்மூர் சரித்திரத்தில் இந்த வேகத்துக்குக் குப்பை நகர்ந்ததே கிடையாது. ஆற்றோரத்தில் பத்து வருஷமாகக் கிடக்கிற நம் சொந்தக் குப்பைக்கு இந்த யோகம் ஏன் அடிக்கவில்லை என்றால், அதில் நம் வீட்டு விலாசமே இருக்கிறது. தமிழ்நாட்டுக் குப்பை தமிழ்நாட்டு மண்ணில் கிடந்தால் அதற்குப் பெயர் குப்பை. கேரளத்துக் குப்பை கிடந்தால்தான் அது ஆக்கிரமிப்பு. ஆகவே புதிய மெம்பருக்கு என் ஆலோசனை: உங்கள் வார்டு உரக்கிடங்கில் நாலு மலையாளப் பத்திரிகையும், ஒரு மருந்துச் சீட்டும், முடிந்தால் மட்டையரிசிப் பை ஒன்றும் பார்வையாகப் போட்டு வையுங்கள். நேந்திரங்காய்ச் சிப்ஸ் கவர் போதாது; அது இப்போது பாளையங்கோட்டையிலேயே கிடைக்கிறது.

ஆறு

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் நாடு முழுக்க 351 ஆற்றுப் பகுதிகளை மாசுபட்டவை என்று பட்டியல் போட்டது. தமிழ்நாட்டுக்கு அதில் ஆறு இடம். அதில் ஒன்று தாமிரபரணி. 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நெல்லைக்கு வந்து, ஆற்றையும் கழிவுநீர் ஏற்பாடுகளையும் நேரில் பார்த்தார்கள். நீதிபதிகள் வருகிற அன்றைக்கு ஆற்றங்கரை சுத்தமாக இருந்தாக வேண்டும் என்பதில் எல்லாத் துறைகளும் ஒருமனதாக இருந்திருக்கும். துறைகளுக்குள் ஒற்றுமை இல்லை என்று யார் சொன்னது?

ஆறு விஷயத்தில் விரல் நீட்டுவது மற்ற எல்லாவற்றையும்விட எளிது. தண்ணீர் ஓடிவரும் திசையைப் பார்த்து நீட்டினால் போதும். நெல்லை மாநகராட்சிக்காரர் மேற்கே நம்மைக் காட்டுவார். நாம் சேரன்மகாதேவியைக் காட்டலாம். அவர்கள் வீரவநல்லூரை, அவர்கள் அம்பாசமுத்திரத்தை, அம்பாசமுத்திரம் விக்கிரமசிங்கபுரத்தை, விக்கிரமசிங்கபுரம் பாபநாசத்தில் பரிகாரம் செய்து உடுத்திய வேட்டி சேலையை அப்படியே ஆற்றில் விட்டுவிட்டுப் போகும் வெளியூர்ப் பக்தர்களை. அதற்கு மேலே பொதிகை. அங்கே அகத்தியரைத் தவிர ஆளில்லை. அவர் மேல் பழி போட்டால் ஓட்டுப் போய்விடும் என்பதால் சங்கிலி அங்கே நின்றுபோகிறது.

பத்தமடைக்காரர்களிடம் மட்டும் இந்தத் தந்திரம் ஒரு இடத்தில் செல்லாது. பாய் நெய்கிற வீடுகளில். கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் காயவைத்து, வேகவைத்து, மறுபடி காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். அப்போதுதான் தண்டு உப்பி, இழை இழையாகக் கிழிக்க வரும். பட்டுப்பாய்க்கு அந்த இழை தலைமுடிக் கனத்துக்கு வர வேண்டும். தேங்கிய தண்ணீரில், சாக்கடை கலந்த தண்ணீரில் போட்டால் கோரை கறுக்கும். சப்பாங்கட்டைச் சாயம் போய் ரசாயனச் சாயம் வந்ததையும், பிளாஸ்டிக் பாய் வந்து விலையை அடித்ததையும் தாங்கிக்கொண்ட தொழில் இது. 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்குப் பத்தமடைப் பாய் போனது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த வீட்டு அம்மாவிடம் போய், “தண்ணி அழுக்கா இருக்குன்னா, அது மேல இருந்து வருதும்மா” என்று சொன்னால், பாயிலிருந்து கையெடுக்காமல், “மேல இருந்து வருதுன்னு எனக்கும் தெரியும் தம்பி. ஒங்கள எதுக்கு அனுப்பிச்சோம்?” என்று கேட்டுவிடுவார். அந்தத் தெருவுக்கு ஓட்டுக் கேட்க மட்டும் போங்கள்.

பெரிய அதிகாரி வந்தால் பத்தமடைப் பாய் கொடுப்பது மரபு. அவர் பெயரையே நெய்து கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயர் நெய்கிற ஊர் ஆச்சே. செய்யாதீர்கள். நல்ல பட்டுப்பாய் முடிய மாசக்கணக்கில் ஆகும். அதற்குள் அவருக்கு மாறுதல் உத்தரவு வந்துவிடும்.

மன்றக் கூட்டம்

கூட்டப் பொருளை முன்கூட்டியே படிப்பது மரியாதைக் குறைவு. இ.ஓ. தயாரித்ததை நம்பவில்லை என்று ஆகிவிடும். பொருள் ஒவ்வொன்றும் “மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது” என்று முடியும். நீங்கள் பார்த்தால் போதும். அனுமதி தானாக நடந்துவிடும். பிடிக்காதது ஏதாவது இருந்தால் வெளிநடப்புச் செய்யலாம். வெளியே டீ வந்திருக்கும்.

தீர்மானம் எழுதுவதற்கு ஒரு மாதிரி தருகிறேன். எந்த வார்டுக்கும் பொருந்தும். “மேற்படி வார்டில் நிலவும் குடிநீர், வாறுகால், தெருவிளக்கு மற்றும் போக்குவரத்துக் குறைபாடுகள் குறித்து மன்ற உறுப்பினரின் கோரிக்கை மன்றத்தால் பரிசீலிக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட துறைகளுக்கு எழுதவும், நிதிநிலைக்கேற்ப பணிகளை முன்னுரிமை அடிப்படையில் மேற்கொள்ளவும் தீர்மானிக்கப்பட்டது.” இதில் ‘முன்னுரிமை’ கேட்டவருக்கு, ‘நிதிநிலைக்கேற்ப’ நமக்கு.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 2016-லிருந்து பாதி இடம் ஒதுக்கியாகிவிட்டது. எனவே நீங்கள் பெண் மெம்பராக இருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு. அப்படியானால் இந்தக் கையேட்டை உங்கள் வீட்டுக்காரர் ஏற்கெனவே படித்து முடித்திருப்பார். வாசலில் ‘மெம்பர் இருக்காங்களா’ என்று கேட்கிறவர்களுக்கு அவர்தான் ‘இருக்கேன்’ என்று பதில் சொல்வார்.

ரொம்பவும் பிடிவாதமான ஆசாமியைத் திங்கள்கிழமை கொக்கிரகுளத்துக்கு அனுப்பிவையுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் அன்றைக்கு மக்கள் குறைதீர்க்கும் நாள். பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, மனுவுக்கு எண் வாங்கி வருவார். சில நாளில் அவருக்கு ஒரு கடிதம் வரும்: தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காகப் பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது. முதலில் அவர் வந்து நின்ற அதே அறைக்கு, முத்திரை குத்தப்பட்டு, மனு வந்து சேர்ந்துவிட்டது. முதல்வரின் உதவி எண் 1100-க்குப் போன் பண்ணினாலும் பாதை இதுதான். பஸ் செலவு மிச்சம்.

செய்யக் கூடாதவை

எல்லா ஊரிலும் வார்டுக்கு ஒருவராவது இந்த ஏற்பாட்டைக் கெடுக்கிறவர் முளைப்பார். அந்த மாதிரி ஆகிவிடாமல் இருக்கச் சில எச்சரிக்கைகள்.

விடியற்காலை வால்வு திறக்கிறவரோடு கூடப் போகாதீர்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிஷம் திறக்கிறார், எந்த வீட்டில் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துபோகும். கரண்ட் இல்லாத நேரம் பார்த்து மேல்நிலைத் தொட்டி வால்வைத் திறக்கச் சொல்லாதீர்கள். உறிஞ்ச மோட்டார் ஓடாததால் கடைசி வீட்டுக்கும் தண்ணீர் போய்விடும், பிறகு தினமும் எதிர்பார்ப்பார்கள். அந்தக் கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் சின்னப் பெட்டி அலுவலகத்தில் இருக்கும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்ட வேண்டும். அதைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பேரூராட்சி மாதாமாதம் இ.பி.க்குக் கட்டுகிற பில்லை வாங்கிப் பார்க்காதீர்கள். பகலில் எரிகிற விளக்குக்கும் சேர்த்துக் கட்டுகிறோம் என்று கண்டுபிடித்தால், காலையில் அணைக்க ஆள் தேட வேண்டிவரும். அது உங்கள் தலையில் விழும்.

மற்ற துறைக்கு எழுதினோம் என்று தீர்மானத்தில் இருக்கிறதே, அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்காதீர்கள். கடிதம் போகவே இல்லை என்று தெரிந்தால் இ.ஓ.வுக்குச் சங்கடம். போயிருந்தது என்றால் அதைவிட மோசம். நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்கு அதை எடுத்துக்கொண்டு நீங்களே போக வேண்டும். பதில் வராவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். முப்பது நாளில் பதில் வந்துவிடும் அபாயம் இருக்கிறது. மெம்பரே மனுப் போட்டால் ஊர் சிரிக்கும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துப் பேரூராட்சி மெம்பர்களோடு சேர்ந்து டீ குடிக்கலாம். ஆற்றைப் பற்றி மட்டும் சேர்ந்து பேசாதீர்கள். ஆறு ஊர் மன்றமும் ஒரே மாதத்தில் ஒரே தீர்மானம் போட்டால், யார் எந்தத் திசையில் விரல் நீட்டுவது?

மீறிச் செய்தீர்களென்றால் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வந்த மறுநாள் காலையில் ஆறு மணிக்கெல்லாம் அடுத்த தெரு உங்கள் வாசலில் நிற்கும். அதற்கு மறுநாள் அதற்கடுத்த தெரு, பிறகு அடுத்த வார்டு. வந்தவர்களை நிற்க வைத்து அனுப்புகிற பழக்கம் நம் பக்கம் கிடையாது. எல்லோருக்கும் டீ போட வேண்டும். பேரூராட்சி உறுப்பினருக்கு அரசு தருகிற மதிப்பூதியம் மாதம் 2,500 ரூபாய். பால் விலையை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.